சந்தனம் பூசிய கார்டும் சந்திரா ஏற்றிய விளக்கும்

"இதுல என்னம்மா பூசி வச்சிருக்கீங்க?"

மதுரை ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள். அவள் கையில் இருந்தது எங்கள் வீட்டுக்காரரின் பாலிகிளினிக் கார்டு. பட்டாளத்தில் பென்ஷன் வாங்கியவர்களுக்கும் அவர்கள் மனைவிமார்களுக்கும் வைத்தியம் பார்க்கக் கொடுக்கிற கார்டு. மிஷினில் செருகினாள். எடுத்துத் துடைத்தாள். மறுபடி செருகினாள். மிஷின் அசையவே இல்லை.

"சந்தனம்மா. கொஞ்சம் குங்குமம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "சிப்பு போயிருச்சும்மா. கார்டு ஏறலைன்னா நீங்க பணம் கட்டணும்" என்றாள். உள்ளே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். ரத்தக் குழாயில் அடைப்பு, இன்றைக்கே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அதற்கு ஆகும் என்று டாக்டர் சொன்ன தொகைக்கு எங்கள் வயலை விற்றாலும் பாதிதான் தேறும். பெருமாளே, என் கையாலேயே என் குடியைக் கெடுத்துக்கொண்டேனே என்று அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெருமாளை நம்புகிற அக்கா தங்கச்சிமார்களே, அண்ணன் தம்பிமார்களே, என் பெயர் பாக்கியம். ஊர் கண்டனூர். திருக்கோஷ்டியூர் சௌமியநாராயணப் பெருமாள் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை மகளிடம் சொல்லி எழுத வைத்தேன். நல்லவள் மாதிரி காட்டிக்கொள்ள எனக்கு ஆசை இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அந்தக் கார்டில் நான் சந்தனம் பூசியது பக்தியால் இல்லை. வயிற்றெரிச்சலால்.

யார் மேல் வயிற்றெரிச்சல் என்றால், என் ஓரகத்தி சந்திரா மேல். என் கொழுந்தனார் பெண்டாட்டி. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் எத்தனை விசில் என்று நான் சொல்லிவிடுவேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேருமே பட்டாளத்துக்காரர்கள். எங்கள் வீட்டுக்காரர் முதலில் போனார், லாரி ஓட்டுகிற வேலை. தம்பியைச் சேர்த்துவிட்டதும் இவர்தான். மாமனார் படுக்கையில் விழுந்ததும், வயலைப் பார்க்க ஆள் வேண்டும், சின்னவன் இருக்கட்டும் என்று பென்ஷனுக்கு உண்டான காலம் முடிந்த கையோடு இவர் நாயக் என்கிற சின்ன ராங்கிலேயே ஊருக்கு வந்துவிட்டார். தம்பி இருந்து, மேலே மேலே போய், சுபேதார் ஆனார். சுபேதார் பென்ஷன் வேறு, நாயக் பென்ஷன் வேறு. அது போகட்டும். சந்திரா கடைக்குப் போனால்கூட "சுபேதார் வீட்டம்மா வாரீகளா" என்கிறார்கள். என்னை யாரும் நாயக் வீட்டம்மா என்று கூப்பிட்டதில்லை. உழுது போட்டவர் வீட்டில் நான், அறுத்துக்கொண்டவர் வீட்டில் அவள். இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் வாசல் தெளித்ததில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். முழங்கால் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முழங்கால் வலி வந்தது. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் சிவகங்கை பாலிகிளினிக்குப் போனோம். டாக்டர் இரண்டு பேர் படத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவளுக்கு எலும்பு தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் என்று மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். எனக்கு, "இன்னும் நாள் இருக்கும்மா, மாத்திரை போதும்" என்றார்.

அவளுக்கு ஆபரேஷன். எனக்கு மாத்திரை. நல்ல சேதிதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார். "ஏன் பாக்கியம், கத்தி வைக்காம விட்டாகன்னு சந்தோசப்படாம மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார். சுபேதார் வீட்டுக்கு ஒரு நியாயம், நாயக் வீட்டுக்கு ஒரு நியாயமா என்று நான் சண்டைக்குப் போனேன். அங்கே ராங்கு பார்த்து வைத்தியம் பார்ப்பதில்லை என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். என் காதில் ஏறவில்லை.

ஐப்பசியில் ஆபரேஷன் ஆனது. கையை விட்டு ஒரு காசு போகவில்லை, எல்லாம் கார்டுதான். தை பிறந்ததும் சந்திரா குச்சி இல்லாமல் நடந்தாள். நடந்தால் பரவாயில்லை. என் வாசல் வழியாகவே காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் நடந்தாள். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காகக்கா" என்பாள். ஊரில் பூட்டிக் கிடக்கிற பெரிய பெரிய வீடு இத்தனை இருக்கிறதே, அந்தத் தெருவிலெல்லாம் நடந்தால் ஆகாதா? நான் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் அவள் கொலுசுச் சத்தம் கேட்கும்.

அடுத்த மாசம் மாசி மகம். திருக்கோஷ்டியூர் தெப்பக்குளத்தில் விளக்கு நேர்த்தி எப்படி என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேண்டுதல் பலித்தவர்கள் தெப்பத்தன்று வந்து குளத்துப் படியில் அகல் விளக்கு ஏற்றுவார்கள். புதிதாக வேண்டிக்கொள்கிறவர்கள் அந்தப் படியில் இருந்து ஒரு விளக்கை எடுத்து, காசும் துளசியும் போட்டு, துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு போய் வைத்துக் கும்பிடுவார்கள். நடந்த பிறகு அந்த விளக்கோடு வந்து, கூட விளக்கு வைத்து ஏற்ற வேண்டும். அதற்கு முந்தின மாசியில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் சேர்ந்து போய் ஏற்றினோம். என் மகள் செல்விக்கு ரொம்ப நாள் கழித்துப் பிள்ளை பிறந்ததற்காக.

போன வருஷம் சந்திரா முறை. முழங்காலுக்காக அவள் ஒரு படி நீளத்துக்கு வரிசையாக விளக்கு வைத்து ஏற்றினாள். அதிலும் நெய். நான் மேல் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் சன்னதிக்குப் போகட்டும் என்று காத்திருந்து, விறுவிறு என்று இறங்கி, அவள் வரிசையின் ஓரத்தில் இருந்த விளக்கை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். முழங்கால் வலி அப்போது எங்கே போனதோ தெரியாது. குளம் நிறைய விளக்கு இருந்தும் எனக்கு அவள் விளக்குதான் வேண்டும். "பெருமாளே, சந்திராவுக்குக் கொடுத்த முழங்காலை எனக்கும் கொடு" என்று வேண்டினேன். இதை வேண்டுதல் என்பதா, வம்பு என்பதா என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

வீட்டில் பூஜை அலமாரியில் விளக்கை வைத்தேன். பக்கத்தில் எங்கள் இரண்டு பேர் கார்டையும் வைத்தேன். கார்டுதானே அவளுக்கு வேலை செய்தது? எங்கள் வீட்டுக்காரர் டிரைவர் ஆச்சே, ஆயுத பூஜை அன்று சாவி, ஸ்பேனர், மொபெட்டு என்று ஒன்று விடாமல் சந்தனம் வைத்துப் பழக்கம். நான் அதோடு விடவில்லை. வெள்ளிக்கு வெள்ளி கார்டுக்குச் சந்தனம் வைத்தேன். நடுவில் பொன் நிறத்தில் ஒரு சதுரம் பளபளவென்று இருந்தது. பொட்டு வைக்க அதுதான் லட்சணமான இடமாகத் தெரிந்தது. காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, புதுச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம். என் முழங்கால் வலி குறையவில்லை. சந்தனத்தை இன்னும் கொஞ்சம் தாராளமாக வைத்தேன்.

ஆவணி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவர் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே போட்டுவிட்டு வாசல்படியில் சாய்ந்துவிட்டார். வேர்வை ஆறாக ஓடியது. "என்னங்க, என்ன செய்யுது?" என்று நான் போட்ட சத்தத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சந்திரா ஓடி வந்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதற்குள் அவள் வந்து அவர் தலையைத் தாங்கிவிட்டாள்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மதுரைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். யாரும் கூப்பிடாமலே சந்திராவும் ஏறி உட்கார்ந்தாள். பொய் சொல்ல மாட்டேன், அப்போதும் எனக்கு, வண்டிக்குள்ளேயுமா இவள் என்றுதான் இருந்தது. சுபேதாரோ வீட்டிலேயே இருந்துகொண்டு, நிலவரம் என்ன, உடனே சொல்லு என்று போனில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சிவகங்கை தாண்டியதும் மெதுவாகச் சொன்னார். "பயப்படாத பாக்கியம். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னாலும் உம்பேருக்குப் பென்ஷன் வந்துரும். கார்டும் இருக்கு. நீ யாரு கையையும் எதிர்பாக்க வேணாம்."

"யாருக்கு வேணும் ஒங்க பென்ஷன்! வாய மூடிக்கிட்டு வாங்க" என்று கத்திவிட்டேன். அந்தப் பென்ஷனைத்தான் இத்தனை வருஷம் அடுத்த வீட்டுப் பென்ஷனோடு வைத்து அளந்துகொண்டிருந்தேன். அது எனக்கு மட்டும் தனியாக வந்து நிற்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. நாயக்கோ, சுபேதாரோ, இந்தக் கை என் கைக்குள் இருந்தால் போதும் என்று அழுதேன். சந்திரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் அந்தக் கண்ணாடியும், மிஷினும், சந்தனமும்.

தரையில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டி சந்திரா கண்ணாடி அருகில் போனாள். "இதுக்கு வேற வழி இல்லையா தாயி?" என்று கேட்டாள். பாலிகிளினிக்கில் கார்டைக் காட்டி, இவர் பெயர் கணக்கில் இருக்கிறது என்று ஒரு தற்காலிகச் சீட்டு வாங்கி வந்தால் போதும், அதை வைத்து எல்லாம் செய்துவிடலாம் என்றாள் அந்தப் பெண். மத்தியானத்துக்கு மேல் அங்கே ஆள் இருக்க மாட்டார்கள் என்றும் சொன்னாள். பாலிகிளினிக் இருப்பது சிவகங்கையில். கோயம்புத்தூரில் இருந்து செல்வி கைப்பிள்ளையோடு அப்போதுதான் பஸ் ஏறியிருந்தாள். என்னால் பத்தடி வேகமாக நடக்க முடியாது.

"அக்கா, நீங்க இங்குட்டே அத்தான் பக்கத்துல இருங்க. நா போய்ட்டு வாரேன்" என்றாள் சந்திரா. கார்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். என்ன பூசினேன், ஏன் பூசினேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு எரிந்து விழவாவது செய்திருப்பேன்.

அவள் போன பிறகு ஒவ்வொரு நிமிஷமும் நரகம். கெட்ட புத்தி போகுமா? அவள் வேண்டுமென்றே மெதுவாகப் போனால்? இத்தனை வருஷம் நான் முகத்தைத் திருப்பியதற்கெல்லாம் இன்றைக்குப் பழி வாங்கினால்? அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். போயிருப்பேன். ஆனால் ரெண்டு வார்த்தை சொல்லிக் காட்டிவிட்டுத்தான் போயிருப்பேன்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டேன். "சௌமியநாராயணா, முழங்காலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். திருட்டுத்தனமாக எடுத்த விளக்கென்று என்னைத் தள்ளிவிடாதே. அவரைக் கொடு" என்று வேண்டினேன். எத்தனையோ தரம் அந்தச் சன்னதியில் நின்றிருக்கிறேன். இப்படி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

கண்ணைத் திறந்தபோது மாடிப்படியில் கொலுசுச் சத்தம். லிப்டில் ஸ்ட்ரெச்சர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காத்திருக்க முடியாமல் சந்திரா படியேறி வருகிறாள். ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். இன்னொரு கையில் சீட்டு. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் தழும்பு தெரிய, மூச்சு வாங்க, இரண்டு இரண்டு படியாக ஏறி வருகிறாள். வாசலில் நடந்தபோது என் வயிற்றைப் பற்ற வைத்த அதே கொலுசுச் சத்தம். அன்றைக்கு அதைக் கேட்டு நான் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டேன்.

சந்திராவுக்குக் கொடுத்த முழங்காலை எனக்கும் கொடு என்றுதானே வேண்டினேன்? கொடுத்துவிட்டார். எனக்காக அதைப் படியேற விட்டார்.

சீட்டைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் அவரை உள்ளே கொண்டு போனார்கள். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். சாயங்காலம் என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக, "மொபெட்ட வெயில்லயா போட்டுட்டு வந்தீக?" என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. கோவிந்தா, கோவிந்தா!

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு அவர், வருகிற போகிற ஆளிடமெல்லாம், சந்திரா இல்லைன்னா நான் இல்லை, சந்திரா இல்லைன்னா நான் இல்லை என்று ஆரம்பித்தார். ஐந்தாவது ஆள் வருவதற்குள் எனக்குப் பழையபடி எரிய ஆரம்பித்துவிட்டது. ராத்திரி பகலாக மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான். பேர் வாங்குவது அவள். பெருமாள் அவரைக் காப்பாற்றினார், என் புத்தியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த மாசி மகத்துக்கு விளக்கைத் திருப்பி வைக்கப் போனோம். அவருக்குக் கூட்டத்தில் நிற்க முடியாது என்று மேலே நிழலில் உட்கார வைத்துவிட்டு, நானும் சந்திராவும் படிக்கு வந்தோம். புது விளக்குகளோடு பழைய விளக்கையும் வைத்து ஏற்றினேன். அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சந்திரா, இது ஒன் விளக்கு. போன மாசியில ஒனக்குத் தெரியாம எடுத்துட்டேன்."

"தெரியும்க்கா. துளசி வாங்கிக்கிட்டு நின்னேன், பாத்தேன். கீழ விழுந்துரப் போறீகளேன்னுதான் பயமா இருந்துச்சு" என்றாள். குனிந்து அந்த விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். "அதுக்கு முந்துன மாசியில நா எடுத்தது யாரு விளக்கு தெரியுமா? ஒங்க விளக்கு."

"எங்கிட்ட என்ன இருக்குன்னு எடுத்த?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு அத்தான் ஒங்க கையப் புடிச்சு ஒவ்வொரு படியா எறக்கிவிட்டாக. எங்க வீட்டுல அவுக பஸ்ஸ விட்டு எறங்கினா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாக. பாக்கியக்காவுக்குக் கொடுத்த மாதிரி எனக்கும் கை புடிக்க ஒரு ஆளக் கொடுன்னு வேண்டிக்கிட்டு எடுத்தேன்." சிரித்தாள். "கை புடிக்க வேண்டாத காலக் கொடுத்துட்டாரு."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள் என்று கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சம் இல்லை. இத்தனை வருஷமும் சுவருக்கு அந்தப் பக்கமும் இதே எரிச்சல்தானா! சந்தோஷம் அடங்கியதும் அழுகை வந்தது. சுபேதார் வீட்டு மிக்ஸியையும் குக்கரையும் பார்த்த கண்ணுக்கு, அவள் தனியாகப் படி இறங்கியது தெரியாமல் போயிற்றே.

இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் புதுக் கார்டு வந்துவிட்டது. பீரோவில் வைத்திருக்கிறேன், பூஜை அலமாரியில் இல்லை. என் முழங்காலுக்கு டாக்டர் இன்னமும் மாத்திரைதான் சொல்கிறார். சாயங்காலம் சந்திரா நடக்கப் போகும்போது என் வாசலில் நிற்பாள். நானும் கூடப் போகிறேன். பூட்டின பெரிய வீட்டுத் தெரு வரைக்கும் போய்த் திரும்புவோம். சில நாள் என்னைவிட அவள் முன்னால் போய்விட்டால் உள்ளே சுருக்கென்கிறது. அது போகாது போலிருக்கிறது.

அதனால் சொல்கிறேன், அக்கா தங்கச்சிமார்களே. மனசு சுத்தமான பிறகு பெருமாளிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அது எப்போது சுத்தமாவது, நாம் எப்போது போவது? பொறாமையோ, கோபமோ, இருக்கிறதை மடியில் கட்டிக்கொண்டே போங்கள். அவருக்கு எடுத்துக்கொள்ளத் தெரியும். பட்டாளத்துக்காரர் வீட்டில் இருக்கிற பெண்கள், கார்டுக்குச் சந்தனம் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்த மாசி மகத்துக்குப் படியில் எங்களைப் பார்ப்பீர்கள். இந்த மாசி மகத்தன்றே அங்கே இருந்து நான் இன்னொரு விளக்கு எடுத்து வந்திருக்கிறேன். இந்தத் தடவை யார் விளக்கு என்று பார்த்து எடுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. என் கொழுந்தனாருக்காக எடுத்தேன். அவர் ஒரு தரம், ஒரே ஒரு தரம், பஸ்ஸை விட்டு இறங்கியதும் திரும்பிப் பார்த்துக் கையை நீட்ட வேண்டும். அது வரைக்கும் அந்தப் படியில் சந்திரா என் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.